வெயிலுக்குப் போனவள்

பாளையங்கோட்டையில், பங்குனி மாதத்து வெயிலில், குடையில்லாமல் ஒரு பெண்பிள்ளை வேலைவெட்டி எதுவுமின்றித் தெருவில் நடந்தால், ஒன்று அவளுக்குப் புத்தி பேதலித்திருக்க வேண்டும், இல்லை வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றாது. வடிவுக்கே தோன்றியதில்லை, எலும்பு டாக்டர் சொல்லும்வரை. அறுபத்தாறு வயதில் வெயிலுக்கென்றே வெயிலில் நடக்கிறாள். கையில் இருக்கிற மஞ்சள் பை அதற்காகத்தான். பை இருந்தால் எங்கேயோ போகிறாள் என்று அர்த்தம். பை இல்லாவிட்டால் எங்கே போகிறாள் என்று கேள்வி. போன வாரம் எதிர்வீட்டுச் சங்கரி கேட்டபோது, ரேஷன் கடையில் பருப்பு போடுகிறான் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். சங்கரி போட்டது போட்டபடி ஓடிப்போய், மூடிக் கிடந்த கடையைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. வெட்கமாவது வந்திருக்க வேண்டும், சிரிப்பாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவும் வருவதில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலைக் கிள்ளினால் வேறு யார் காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, அப்படி ஆளே மரத்துப் போயிருந்தாள். வெயில் கழுத்தில் இறங்கியது, இறங்கட்டும் என்று விட்டாள். வெயில் தோலில் பட வேண்டும் அம்மா, சேலையில் பட்டால் சேலை காயும், உங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று டாக்டர் கேட்டிருந்தார். முழங்கைவரை சேலையை ஒதுக்கிக்கொண்டு நடந்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். வடிவுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது, முதுகெலும்புதான் கெட்டது.

நடப்பது அவளுக்குப் புதிதில்லை. கல்யாணமாகி வந்த கொஞ்ச வருஷத்திலேயே அக்காவும் அவளும் மைதானத்துக்கு நடக்கப் போக ஆரம்பித்தாயிற்று. அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, ஓரகத்தி. அண்ணன் பெண்டாட்டி ஆவுடையம்மாள், தம்பி பெண்டாட்டி வடிவு. அண்ணனும் தம்பியும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்து, ஒரே வீட்டில் இப்போது இரண்டு பொம்பளைகள் மிச்சம். அந்தக் காலத்தில் மாமனார் நடப்பதற்கு உத்தரவு கொடுத்தபோதே ஒரு சட்டமும் சேர்த்துக் கொடுத்தார். விடியுமுன் போக வேண்டும், விடியுமுன் திரும்பிவிட வேண்டும், வீட்டுப் பெண்கள் கைவீசி நடப்பதை ஊர் பார்க்கக் கூடாது. அக்காவுக்கு அந்தச் சட்டம் வெல்லமாக இருந்தது. அவளுக்குத் தன் சிவப்பு நிறத்தின் மேல் அப்படி ஒரு கவலை. வெயில் பட்டால் கறுத்துப்போவோம், கறுத்துப்போனால் என்ன மிச்சம் என்பாள். மாமனார் போன பிறகும் சட்டம் போகவில்லை. விடிவெள்ளி இருக்கும்போது கிளம்பி, கிழக்கு வெளுக்குமுன் வாசல் தெளித்துவிடுவார்கள். மழைக்காலத்தில்கூட ஒருநாள் விட்டதில்லை. நாங்கள் நடக்கிற நடைக்கு நூறு வயசு கிடைக்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசியாயிற்று. இருட்டில் நடந்தது காலுக்கு நல்லதுதான் அம்மா, ஆனால் எலும்புக்குச் சாப்பாடு போடாமல் வேலை மட்டும் வாங்கியிருக்கிறீர்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த மருமகளை வைத்திருந்த மாதிரி எலும்பையும் வைத்திருக்கிறோம் என்று அப்போது ஒரு நினைப்பு ஓடியது. அதற்கும் சிரிப்பு வரவில்லை. டாக்டர் பால் குடித்தீர்களா என்று வேறு கேட்டார். பால். வீட்டில் பசு நின்ற காலத்திலும் பால் ஆண்பிள்ளைகளுக்கு, பிறகு அக்கா மகன் லிங்கத்துக்கு, பிறகு தயிருக்கு உறை. பெண்களுக்குக் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி. பாலை அளந்து ஊற்றுகிற அதிகாரம் அக்காவிடம் இருந்தது. அக்கா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தம்ளர் குடித்துவிடுகிறாள் என்று வடிவு எத்தனை வருஷம் நினைத்திருந்தாள். நினைத்தது மட்டுமா, தன் புருஷனிடம் கோள் சொல்லி, அது அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபமாகி, ஒரு தீபாவளிக்குத் தனித்தனியே எண்ணெய்ச்சட்டி வைக்கிற அளவுக்குப் போனது. இப்போது அக்கா இடுப்பெலும்பு ஒடிந்து கிடக்கிறாள். அவளுடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டாக்டர், ஓலைக்குடிசை மாதிரி ஓட்டையும் ஒடிசலுமாக இருக்கிறது பாருங்கள் என்றார். வடிவு பார்த்தாள். அக்கா பால் குடிக்கவில்லை. ஒரு தம்ளர்கூடக் குடிக்கவில்லை. குடித்திருந்தால் எலும்பு இப்படி இராது. நாற்பது வருஷத்துச் சந்தேகத்துக்கு எலும்பு வந்து சாட்சி சொல்கிறது. அழுகை வர வேண்டிய இடம் அது. வரவில்லை, படத்தை உறையில் போட்டு வாங்கிக்கொண்டாள்.

மைதானத்துக்குள் இறங்கினாள். விடியற்காலையில் தலைகளாகத் தெரிகிற மைதானம், இந்நேரம் ஈ காக்காய் இல்லை. தூரத்தில் ஸ்கூட்டர் பழகுகிற பெண் ஒருத்தி சுற்றிச் சுற்றி எட்டு போட்டுக்கொண்டிருந்தாள். வடிவு ஓரமாக நடந்தாள். வெயிலில் நடக்க வந்த பிறகுதான் தரை ஒழுங்காகத் தெரிந்தது: எங்கே குழி, எங்கே செங்கல் துண்டு, எங்கே தண்ணீர்க்குழாய் துருத்திக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக இதன்மேலா இருட்டில் நடந்தோம். ஒரு தடவைகூட விழவில்லை. விழுந்தது வீட்டில். வழுவழு என்று மொசைக் போட்ட அடுப்படியில், ஈரங்கூட இல்லை, அக்கா உப்பு எடுக்கத் திரும்பினாள். வெறுமனே திரும்பினாள். அடுத்த கணம் தரையில் கிடந்தாள். எப்படி விழுந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா அதையேதான் சொன்னாள், திரும்பினேன் என்று. அப்போதுதான் டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்னார். சில சமயம் விழுந்ததால் எலும்பு ஒடிவதில்லை அம்மா, எலும்பு ஒடிந்ததால்தான் விழுகிறார்கள் என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அது வடிவுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. விழுந்து ஒடிந்ததா, ஒடிந்து விழுந்ததா. விழுந்து ஒடிந்தது என்றால் பார்த்து நடக்கலாம், செருப்பை மாற்றலாம், சுவரைப் பிடிக்கலாம். ஒடிந்து விழுவதென்றால் என்ன செய்ய. அது எப்போது ஒடியும் என்று யாருக்குத் தெரியும். இதோ இந்த அடியில் ஒடியலாம், அடுத்த அடியில் ஒடியலாம், பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றும்போது ஒடியலாம். வடிவு பையை மாற்றாமலே நடந்தாள். உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். முறுக்கு உடைகிற மாதிரி கேட்குமோ, கேட்காமலே இருக்குமோ. அக்காவிடம் சத்தம் கேட்டதா என்று கேட்க வேண்டும் என்று பலதடவை நினைத்து, கேட்காமல் விட்டிருக்கிறாள். கேட்டால் உனக்கு எதற்கு அது என்பாள். விழுந்து ஒடிந்ததா. ஸ்கூட்டர்ப் பெண் காலை ஊன்றி நின்று, இவளைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் எட்டு போடப் போனாள்.

அன்றைக்கு அக்கா விழுந்தபோது வடிவு என்ன செய்தாள் என்றால், முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு அக்கா கையிலிருந்து உருண்ட கரண்டியை எடுத்துக் கழுவுகிற இடத்தில் போட்டாள். அதற்குப் பிறகுதான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். மரத்துப்போனது அந்த இடத்திலிருந்தா, அதற்கு முன்பேயா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், வீடு, மலச்சட்டி, கஞ்சி, மாத்திரை, எல்லாம் கை பாட்டுக்குச் செய்கிறது. வடிவு இல்லாவிட்டால் ஆவுடை நாறிப்போயிருப்பாள் என்று சங்கரி தெருவில் சொல்கிறாள். சொல்லட்டும். வேறு யாரோ செய்கிறதைப் பற்றி வேறு யாரோ சொல்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நிற்க வேண்டும் என்றார்கள், அக்கா மாட்டேன் என்றாள். வீட்டுக்கு ஃபிசியோ பெண் பிரிசில்லா வர ஆரம்பித்தாள். தங்கமான பெண். பாட்டி, எலும்புக்கு நடைதான் மருந்து, படுத்தே கிடந்தால் இருக்கிற எலும்பும் கரைந்துபோகும், நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும் என்று கொஞ்சியும் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன், ஒரு பக்கம் வடிவு பாட்டி தோளில் கையை ஊன்றுங்கள், ஒரே மூச்சில் எழுந்துவிடலாம் என்பாள். தோள் என்றதும் அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். என்ன ஜென்மம். நாற்பது வருஷமாக என் தோளில் சாயாதவள் இப்போது சாய்ந்தால் கௌரவம் குறைந்துவிடுமாக்கும் என்று வடிவு நினைத்துக்கொண்டாள். நினைத்ததில் கோபம் இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. லிங்கம் பூனாவிலிருந்து நாளைக்கு வருகிறான். போனில் சொல்லிவிட்டான். சித்தி, நீங்களும் எத்தனை நாள் பார்ப்பீர்கள், உங்களுக்கும் வயசாகிறது, அம்மா எழுந்து நடந்தால் வீட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் நாகர்கோவில் பக்கம் ஒரு இல்லம் பார்த்திருக்கிறேன், நர்ஸ் எல்லாம் இருக்கிறார்கள், கையோடு கூட்டிப்போய் விட்டுவிடுகிறேன் என்றான். நல்ல பிள்ளைதான். பால் குடித்து வளர்ந்த பிள்ளை. சரி என்றாள் வடிவு. சரி என்ற பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அக்கா போய்விட்டால் வீட்டில் யாருக்குச் சமைப்பது என்று நினைத்தாள். எனக்குச் சமைக்கலாம். அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை.

ஆக, இன்றைக்குப் பதினோரு மணிக்குப் பிரிசில்லா வருவாள், இன்றைக்கு அக்கா நின்றாக வேண்டும். நிற்க வேண்டுமென்றால் வடிவு தோள் கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். வடிவுக்கு முதுகில் வந்தது வெறும் பிடிப்பு இல்லை, முதுகெலும்பில் ஒரு கணு அமுங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னது யாருக்கும் தெரியாது. ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது, ஆளைத் தாங்குகிற வேலை அறவே கூடாது; வெயிலில் நடங்கள், வாரம் ஒரு மாத்திரை போடுங்கள், அதுவும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரைமணி நேரம் படுக்கக் கூடாது, நிமிர்ந்தே இருக்க வேண்டும். மாத்திரையை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொண்டாள். காலையில் காப்பி குடிக்காமல் இருப்பதற்கு வெள்ளிக்கிழமை விரதம் என்று அக்காவிடம் சொன்னாள். என்ன திடீர் பக்தி என்று அக்கா கேட்டாள், உங்களுக்காகத்தான் என்றாள். அது பொய்யா மெய்யா என்று அவளுக்கே நிச்சயமில்லை. சொல்லிவிடலாம். பிரிசில்லாவிடம், என் எலும்பும் அப்படித்தானாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் உடனே வேண்டாம் பாட்டி, நீங்கள் தொடாதீர்கள் என்பாள், லிங்கம் கேட்பான், நாளைக்கே அக்கா நாகர்கோவிலுக்கு. சொல்லாமல் தோள் கொடுக்கலாம். அக்கா லேசான ஆள் இல்லை, கிடந்தாலும் கனம் குறையவில்லை. அமுங்கின கணுவுக்கு மேல் இன்னொரு கணு அமுங்கும். அமுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். இரண்டு கட்டில் போட வேண்டும். கஞ்சி சங்கரி கொண்டு வருவாள், இரண்டு நாள் கொண்டு வருவாள், மூன்றாம் நாள் ரேஷன் பருப்பு ஞாபகம் வந்துவிடும். சொல்வதா, கொடுப்பதா. ஒரு சுற்று சொல்வது என்று நடந்தாள், அடுத்த சுற்று கொடுப்பது என்று நடந்தாள். எதை நினைத்தாலும் பயமும் இல்லை, ஆசையும் இல்லை, தன் எலும்பைப் பற்றி மட்டும் ஒரு சின்னப் பயம், அதுகூட வேறொரு வீட்டில் அழுகிற குழந்தைச் சத்தம் மாதிரி எட்டத்தில் இருந்தது. அக்கா போகட்டுமா என்று தன்னையே கேட்டாள். பதில் இல்லை. போக வேண்டாமா என்று கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. சரி, கொடுத்துவிடுவோம், தோள்தானே, என்று முடிவானது. முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தச் சுற்று கொடுப்பது என்கிற சுற்றாக இருந்தது, வெயில் தலைக்கு ஏறி லேசாகக் கிறுகிறுத்தது, வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

வழக்கத்தைவிட முன்னதாகவே திரும்பினாள் என்பது தெருமுனை வந்த பிறகுதான் தெரிந்தது. தெருவில் நிழல் சுவரோரம் ஒண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் நிழலுக்கு ஒதுங்கப்போய், வேண்டாமென்று வெயிலுக்கே வந்தாள். அக்கா படுத்திருக்கிற முன்னறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் கட்டில். வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று வடிவுதான் அங்கே போடச் சொன்னாள். கட்டிலில் கிடக்கிறவளுக்கு ஜன்னல் கம்பியின் அடிப்பக்கம் எட்டும், அவ்வளவுதான். இப்போது ஜன்னல் கம்பிகளின் மேல்பக்கத்தில் இரண்டு கைகள் தெரிந்தன. வளையல் இல்லாத, சிவந்த, நரம்பு புடைத்த கைகள். கைகளுக்கு நடுவே அக்காவின் முகம். அந்த உயரத்தில் அக்கா முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. ஜன்னல் வழியே விழுந்த வெயில் அவள் நெற்றியில் நேராக அடித்தது, அவள் ஒதுங்கவில்லை. வேர்த்து வழிந்தது. உதடு ஏதோ முணுமுணுத்தது, கந்தர் சஷ்டிக் கவசமோ கெட்ட வார்த்தையோ. அக்கா நின்றுகொண்டிருந்தாள். வடிவு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிட்டால் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவாளோ என்று வாயை மூடிக்கொண்டாள். உள்ளே ஓடலாம், கதவு கிரீச்சிடும். நகர முடியவில்லை. அக்காவே பார்த்துவிட்டாள்.

"சத்தம் போடாத," என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. "பையப் பைய இங்கன வா. உள்ள வராத."

வடிவு ஜன்னலடிக்கு வந்தாள். இருவருக்கும் நடுவில் கம்பி. எத்தனை நாளாக இது என்று கேட்டாள். நீ வெயிலுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து என்றாள் அக்கா. முதல்நாள் எழுந்து உட்கார்ந்தாளாம். பிறகு கம்பியைப் பிடித்துப் பாதி எழுந்து பொத்தென்று கட்டிலில் விழுந்தாளாம். முந்தாநாள்தான் முழுசாக நிற்க முடிந்ததாம். வெயிலுக்கு என்று அக்கா சொன்னதை வடிவு கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள். ரேஷனுக்கு என்றோ கோயிலுக்கு என்றோ அவள் சொல்லவில்லை.

"அப்போ அந்தப் பொண்ணு வந்து எந்திக்கச் சொன்னா மட்டும் ஏன் மாட்டேங்கிய?"

"அவ ஒன் தோள்லல்லா கைய ஊனச் சொல்லுதா."

"ஊனினா என்ன, நான் என்ன செத்தா போவேன்?"

அக்கா ஒரு கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "முந்தி குளிக்கதுக்குத் தண்ணி ஒரே வாளியா கொண்டு வருவ. இப்போ பாதிப் பாதியா ரெண்டு நடை கொண்டு வாற. படுத்துக் கெடந்தா காது நல்லாக் கேக்கும்ட்டி. கீழ விழுந்த துணியக் கால்விரலால எடுக்க. எனக்குத் தெரியாதா, எனக்கு வந்ததுதான் ஒனக்கும் வந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே காப்பியத்தான குடிச்சோம்."

வடிவு பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"ஒன் தோளும் போச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் யாரு பாக்க?" என்றாள் அக்கா. "அதுக்கு நான் அவன் சொல்லுத நாரோயில்லயே போய்க் கெடந்துக்கிடுவேன். நாளைக்கி அவன் வருவான்லா, அவன் முன்னால ஒன்னத் தொடாம நடந்து காட்டணும். நீ அங்கனயே நில்லு. பக்கத்துல வந்தா சாஞ்சிருவேன். இந்தக் கம்பிலேருந்து அந்த ஓரத்துக் கம்பிக்கு வாறேன், பாரு."

அக்கா இடது கையை எடுத்து அடுத்த கம்பியைப் பிடித்தாள். உள்ளே கால் நகர்ந்த சத்தம் கேட்டது, கால்தானா என்று வடிவு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள், கால்தான். அக்கா வலது கையை எடுத்தாள். அந்தக் கை அடுத்த கம்பியைப் பிடிக்கும்முன் காற்றில் நின்ற அந்த ஒரு கணத்தில் வடிவின் கை தானாகக் கம்பியை நோக்கிப் போனது. விழுந்துவிடுவாளே, அக்கா விழுந்துவிடக் கூடாதே, என் முருகா, அக்கா எங்கேயும் போகக் கூடாதே என்று உடம்பெல்லாம் பதறியது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவளுக்குப் பயமாக இருந்தது. மஞ்சள் பை கையிலிருந்து நழுவித் தெருவில் விழுந்தது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம், கொதிக்கிற தரையில், அக்கா நகர்ந்த பக்கமாக வடிவும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.